கம்பியைப் பிடிக்காதவள்

போடியிலிருந்து மலைக்கு ஏறும் ஜீப்புகளில் ஒரு வார்த்தை நாள் முழுக்கக் கேட்கும். "புடிச்சுக்க." வளைவு நெருங்கும்போது பின்பலகையில் தொற்றிக்கொண்டிருப்பவர் சொல்வார். பள்ளத்தில் சக்கரத்தை இறக்குமுன் டிரைவர் சொல்வார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அதைக் கேட்டதும் பேச்சையும் நிறுத்தாமல், வாயிலுள்ள வெற்றிலையையும் துப்பாமல் பிடித்துக்கொள்வார்கள். எதைப் பிடிப்பார்கள் என்பதுதான் விஷயம்.

ஜீப்பில் கம்பி உண்டு. ஆனால் அதை யாரும் பிடிப்பதில்லை. பக்கத்து ஆளைப் பிடிப்பார்கள். தோள், முழங்கை, முந்தானை, அவசரமென்றால் பின்னல். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றலாம் என்ற விதி எனக்கு மனப்பாடம். அதை இங்கே எழுதினால் நாளைக் காலை மலையில் வேலை நடக்காது, எனவே விட்டுவிடுகிறேன். வருவாய்த் துறையில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு மனு எந்த மேஜையில் தூங்கும், யார் தட்டினால் விழிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இப்படித் தெரிந்துவைத்திருந்ததால் வாழ்க்கையில் ஒரு நன்மையும் விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். விளைய வேண்டிய இடத்தில் விளையவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி எனக்குத் தாய்மாமன் மகள். மாமா மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. அவள் பள்ளி விடுமுறைகளில் பெண்களோடு சேர்ந்து காய் எடுத்தவள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு மேலே போனபோது, எம்.ஏ. படித்த மாப்பிள்ளையான நான் புது வேட்டியோடு ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன, கம்பியப் போயிப் புடிச்சிருக்கீங்க?"

"வேறெதப் பிடிக்கிறது?"

"ஆளப் புடிங்க. கம்பி கழண்டு வந்துரும். ஆளு கழண்டு வராது."

எதிரே இருந்த ஒருத்தி, "அடியே, புதுமாப்பிள்ளைக்கு ஆளப் புடிக்கச் சொல்லியா குடுக்கணும்?" என்றாள். ஜீப்பு முழுக்கச் சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அது அவளுக்கு வேடிக்கை இல்லை, பாதுகாப்பு விதி. என் மணிக்கட்டை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று தொடங்கிய பழக்கம். பஸ்ஸில், திருவிழாக் கூட்டத்தில், ரோட்டைக் கடக்கையில், யாரும் இல்லாத சமதளத்தில்கூட அவள் கை என் மணிக்கட்டில் இருக்கும். என் பதவி உயர்வுப் பாராட்டு விழாவில் மேடைப் படியேறும்போது, ஆட்சியர் பார்க்க, என்னைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். மறுநாள் அலுவலகத்தில் தலைமை எழுத்தர், "சார், வீட்ல உங்கள ஜப்தி பண்ணிட்டாங்க போல" என்றார். பண்ணித்தான் இருந்தாள். ஜப்திப் பொருள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடியைப் பிடிக்காமல் அப்படியே சரிந்தாள். மதுரையில் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் மந்தமாகிவிட்டன. பேச்சு போய்விட்டது. முழுவதும் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

"புடிச்சுக்க."

சிலருக்கு இப்படி ஆகுமாம். மூளையில் பேச்சு இருக்கும் இடம் சேதமானாலும் எங்கோ ஒரு மூலையில் ஒரு வார்த்தை மட்டும் சிக்கிக்கொள்ளும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வெளியே வரும் என்று டாக்டர் விளக்கினார். அவர் பார்த்த ஒரு நோயாளிக்குக் கெட்ட வார்த்தை ஒன்று மிஞ்சியதாம். "உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார். நான் நன்றி தெரிவித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லுக்கு அகராதி தயாரிப்பதே என் வேலையாகிவிட்டது. காபி சூடாக இருந்தால் "புடிச்சுக்க!" என்று வெடுக்கென்று வரும். ஆறிப்போயிருந்தால் அதையே இழுத்து, சலிப்போடு சொல்வாள். சாமி படத்துக்கு முன்னால் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள். டி.வி.யில் செய்தி வந்தால் ஒருவிதம், சமையல் நிகழ்ச்சி வந்தால் வேறுவிதம். நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினால் பழைய கண்டிப்பு அத்தனையும் அந்த ஒரு சொல்லில் வரும். பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் கடைசிவரை பழகவில்லை. இவள் "புடிச்சுக்க" என்றதும் விழப்போகிறாள் என்று நினைத்து, போட்டது போட்டபடி ஓடிவருவார். "யக்கா, நான் வெரசா சாகணும்னா நேராச் சொல்லு. இப்பிடி ஓடவிட்டே என்னைக் கொல்லாத" என்று வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இவள் அதற்கும் "புடிச்சுக்க" என்பாள். அது மன்னிப்பு.

கோயம்புத்தூரில் வங்கியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தினமும் போன் செய்வாள். இவள் போனில் அதைச் சொல்வாள். அந்தப் பக்கம் மகள், "பிடிச்சுக்கிட்டேன்மா, பிடிச்சுக்கிட்டேன்" என்பாள். அப்புறமும் இரண்டு பேருமே போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

வீட்டோடு ஒரு ஆள் வைக்காமலில்லை. ஆனால் காயெடுப்புக் காலம் வந்தால் போடியில் திடமான கையுள்ள பெண் யாரும் வீட்டு வேலைக்கு நிற்க மாட்டார்கள். விடிந்ததும் ஜீப்பு ஏறிவிடுவார்கள். வந்தவர்கள் போன பிறகு நானே எல்லாம் செய்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடிப்பாள், நான் தூக்குவேன், நடப்போம். ஒருநாள் காலை குளியலறை வாசலில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் விடவில்லை. ஆளு கழண்டு வராது என்ற நம்பிக்கை. ஆள் கழன்றுதான் வந்தான். இருவரும் தரையில் கிடந்தோம். என்னால் எழவும் முடியவில்லை, அவளை எழுப்பவும் முடியவில்லை. பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்து ஓடுகளுக்கு நடுவிலுள்ள சிமெண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பிடியை மட்டும் தளர்த்தவில்லை.

மகள் அன்று மாலையே வந்துவிட்டாள்.

"பால்காரர் வராட்டி என்னப்பா ஆயிருக்கும்?"

"வந்தாரே."

"அப்பா."

"ஒரு நாள் லீவு போட்டதில்ல அந்த ஆளு."

"நான் வெளயாடல. தீபாவளிக்கு வருவேன். அதுக்குள்ள அம்மா கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தானா பாத்ரூமுக்குப் போய் வரணும். இல்லேன்னா எங்க ஊர்ல பெண்களுக்கான இல்லம் ஒன்னு இருக்கு, நல்லாப் பாத்துக்குவாங்க, அங்க சேத்துருவேன். நீங்க எங்க வீட்டுல இருக்கலாம்."

"நான் இங்கதான் இருப்பேன்."

"ஏன்?"

வீடு பூட்டிக் கிடந்தால், அவள் திரும்பி வர ஓர் இடம் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. அதை மகளிடம் சொன்னால் அழுவாள். எனவே, தண்ணீர் வரி கட்ட வேண்டியிருக்கிறது என்றேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். மாற்றுத்திறனாளிகளுக்கான கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எவ்வளவு தடிமன் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. விதி இருப்பது வெல்டருக்குத் தெரியாது. ஒருமுறை போட்டதை நான் கழற்றச் சொன்னேன். கட்டிலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து குளியலறை, குளியலறைக்குள்ளே சுற்றிலும் எவர்சில்வர் கம்பி. கடைசி இணைப்பைப் பற்றவைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிய வெல்டர், சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அய்யா, ஒரு சந்தேகம். இது வீடா, ஜெயிலா?"

"ரெண்டுக்கும் ஒரே விதிதாம்ப்பா" என்றேன்.

தேனியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் பிசியோதெரபிப் பெண் கம்பியைப் பார்த்து மகிழ்ந்தாள். என்னைப் பார்த்து, "அய்யா, ஒன்னே ஒன்னு. நீங்க கை குடுக்கக் கூடாது. நீங்க குடுக்கிற வரைக்கும் அம்மா கம்பியத் தொட மாட்டாங்க" என்றாள். சரியான வழிமுறைதான். நான் ஒப்புக்கொண்டேன்.

என் மனைவி எழுந்து நின்றாள். இடது கை நன்றாக இருந்தது. கம்பி அந்தக் கைக்கு அருகிலேயே இருந்தது. அவள் அதைத் தாண்டிக் கையை நீட்டினாள், ஆள் நிற்க வேண்டிய காற்றில். "புடிச்சுக்க." பிசியோ பெண் அந்தக் கையை மெல்ல எடுத்துக் கம்பியில் வைத்தாள். பல்லி மேல் வைத்ததுபோல அவள் கையை இழுத்துக்கொண்டாள். கம்பி குளிர்ச்சியாக இருக்கிறதோ என்று துணி சுற்றினோம். என் பழைய சட்டைத் துணியையே சுற்றினேன். துணியை மோந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் காற்றில் கையை நீட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றேன். இப்படியே நாட்கள் போயின. அவள் கை காற்றில் நிற்கும் நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

எங்கள் தெருவில் ஒரு ஜீப்பு டிரைவர் இருக்கிறான். எந்த உறவும் இல்லை, ஆனால் என்னை மாமா என்பான். கம்பிப் பிரச்சினை தெரு முழுக்கத் தெரிந்துவிட்டபடியால் அவனும் யோசனை சொல்ல வந்தான்.

"மாமா, அத்தைய ஒருக்கா குரங்கணிக்குக் கொண்டு போவோம். வளைவுல ஒடம்பு தானாக் கம்பியப் புடிச்சுரும். அப்பறம் பழக்கம் வந்துரும்ல?"

"உன் ஜீப்புல கம்பி இருக்கா மாப்ளே?"

"ஒன்னு இருக்கு. ஆடும். ஆனா இருக்கு."

மறுநாள் காலை, தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு நடுவில் அவளை ஏற்றி, நல்ல கை கம்பிப் பக்கம் வருமாறு உட்காரவைத்தோம். நான் எதிரில் உட்கார்ந்துகொண்டேன், கைக்கு எட்டாத தூரத்தில். முந்தல் தாண்டி ரோடு ஏறத் தொடங்கியது. வலப்பக்கம் சரிவு முழுக்கப் பனி. வளைவு வருவதை எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து உரக்கச் சொன்னாள்.

"புடிச்சுக்க!"

ஜீப்பிலிருந்த அத்தனை பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் பரிதாபப்படவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒருத்தி சொன்னாள், கேட்டவர்கள் செய்தார்கள். அவள் நோயாளி என்பது அந்த ஒரு வளைவுக்கு யாருக்கும் தெரியாமல் போனது. அடுத்த வளைவிலும் சொன்னாள். அதற்கடுத்ததிலும். "ஆத்தா கரெக்டா சொல்லுதே, நீ எதுக்குடா ஆரன் அடிக்கிற?" என்று டிரைவரைக் கிண்டல் செய்தாள் ஒருத்தி. என் மனைவி சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

அவளுடைய இடது கை கம்பியின் மேலாக, கம்பியைத் தொடாமல், எட்டிப் போய்ப் பக்கத்திலிருந்த பெண்ணின் முழங்கையைப் பிடித்திருந்தது. குரங்கணி வரைக்கும் அப்படித்தான். திரும்பி இறங்கும்போதும் அப்படித்தான்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினான். வீட்டு வாசலில் இறக்கும்போது, "அத்தைக்கு நல்ல நாளு மாமா" என்றான். ஆமாம் என்றேன். அவள் கம்பியைப் பிடிக்கப் போவதில்லை என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

தீபாவளிக்கு மகள் வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, பேச்சை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்ட பிறகு, "அம்மா, நடங்கம்மா, பாப்போம்" என்றாள். நானும் மகளும் சுவரோரம் நின்றோம். என் மனைவி கட்டிலிலிருந்து எழுந்தாள். கம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அந்த நேரத்தில் கடவுள் நம்பிக்கை உள்ளவனாக இருந்தேன். அவள் மகளை நோக்கிக் கையை நீட்டினாள். "புடிச்சுக்க."

மகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு அழுதாள். தாயைத் தன்னோடு கூட்டிப்போகப் போகிறவள் அழுதாள், போகப் போகிறவள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலைப்பாடு.

இல்லம் கோயம்புத்தூருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. குறை சொல்ல வேண்டும் என்றே முதல் தடவை போனேன், குறை கிடைக்கவில்லை. ஆண்கள் மாலையில் மட்டும் பார்க்கலாம், ஆறு மணிக்கு வெளியேற வேண்டும். பதினைந்து நாளுக்கொரு முறை தேனிக்குப் போய் பஸ் மாறிப் போவேன். என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். ஆறு மணிக்கு நர்ஸ் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுப்பாள். "போயிட்டு வருவாருங்கம்மா, எங்கீங்க போயிரப் போறாரு" என்பாள். நான் பஸ்ஸில் அந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவேன். வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். கம்பிகளைத் துடைத்தேன். அவள் படுக்கும் பக்கத்து உறையை மாற்றினேன். எந்த நேரமும் ஆய்வுக்குத் தயாரான அலுவலகம்போல வீட்டை வைத்திருந்தேன்.

பங்குனியில் போனபோது நர்ஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அய்யா, பேசாம இப்படி நின்னு பாருங்க."

நீண்ட நடைவழி. சுவரோரம் மரக் கைப்பிடி. என் மனைவி நடந்து வந்துகொண்டிருந்தாள். இடது கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுடைய மந்தமான வலது தோளில் ஒரு கை இருந்தது. பின்னால் இன்னொரு பெண். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவராம், சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. அடுத்தடுத்த கட்டில். யாராவது கூட்டிப்போகட்டும் என்று அந்தம்மா ஒருநாள் இவள் தோளைப் பிடித்துவிட்டார். ஒருவர் தன்னைப் பிடித்திருக்கும்போது இவளுக்கு வேறு வழியில்லை. கம்பியைப் பிடித்தே ஆக வேண்டும். எந்த வழிமுறையிலும் இது இல்லை. எனக்குத் தோன்றவும் இல்லை, தோன்றியிருந்தாலும் அவள் தோளைப் பிடிக்க எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன், எனக்குக் கண் தெரியும்.

வாசற்படி ஒன்று குறுக்கே வந்தது. "புடிச்சுக்க" என்றாள் பின்பக்கம் பார்த்து. "புடிச்சிருக்கேம்மா, நீ போ" என்றார் அந்தப் பெண்.

அங்கேயே நின்று மகளுக்குப் போன் செய்தேன். என் குரல் எனக்கே இளமையாகக் கேட்டது. "அம்மா கம்பியப் பிடிச்சு நடக்கிறா. நீ சொன்னது நடந்துருச்சு. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"சரிப்பா. ஆபீஸ்ல சொல்லிட்டு நேரா அங்க வர்றேன். ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

அவளிடமா? என்ன சொன்னாலும் ஒரே வார்த்தை சொல்கிறவளிடம் என்ன கேட்பது என்று நினைத்தேன். நர்ஸ் சொன்னாள், பேச்சுப் பயிற்சிக்கு ஒருவர் வருகிறாராம், புதிதாகச் சில வார்த்தைகள் வந்திருக்கின்றனவாம். தண்ணி. வலிக்குது. சரி. வேணாம்.

இருவரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிரில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அவள் இடது கையை அந்தப் பெண் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போவமா?" என்றேன்.

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது. "வேணாம்."

கேள்வி புரியவில்லையோ என்று மாற்றிக் கேட்டேன். "போடிக்கு. நம்ம வீட்டுக்கு. கம்பியெல்லாம் இருக்குல்ல?"

"வேணாம்."

"நான் தனியா இருக்கேன்" என்றேன். வாழ்நாள் முழுக்க எந்த விசாரணையிலும் நான் அனுமதிக்காத வகைப் பேச்சு அது. சாட்சியைக் கலைப்பது.

அவள் கண் கலங்கியது. எழுந்து நல்ல கையால் என் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பித் திருப்பி, குரல் வரும் திசையைத் தேடிக்கொண்டிருந்தார். "யாரும்மா வந்திருக்கா? ஒன்ன எங்கயும் கூப்புடுறாங்களா? போறதுன்னா சொல்லிட்டுப் போம்மா, நான் தடவிக்கிட்டுக் கெடப்பேன்" என்றார்.

"வேணாம்" என்றாள் என் மனைவி, மூன்றாவது முறையாக. அது எங்கள் இரண்டு பேருக்குமான பதில்.

மகள் வந்தபோது, "சித்திரையில வெயில் அதிகம், அப்பறம் பாக்கலாம்" என்று சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை.

ஆறு மணிக்கு உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. என் மனைவி கைப்பிடியைப் பிடித்தாள், அந்தப் பெண் அவள் தோளைப் பிடித்தார், இருவரும் நடைவழியில் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவள் திரும்பினால் பின்னால் பிடித்திருப்பவரும் சேர்ந்து சாய்வார், இருவரும் விழுவார்கள். அதனால் திரும்பக் கூடாது. அது சரிதான், நானே அப்படித்தான் அறிவுரை சொல்லியிருப்பேன். ஆனாலும் சாப்பாட்டு அறைக் கதவு மூடும்வரை அங்கேயே நின்றேன். நர்ஸ் வந்து, "அய்யா, நேரமாச்சுங்க" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.